அவருக்குத்தான் என்று சொன்னேன்

ஜூன் 9, திங்கள்

பால் பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் குப்பையில் போட்டேன். அடி முழுக்கக் கரி. நேற்று சாயங்காலம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் அப்படியே அசந்துபோனேன். எதிர் வீட்டு லலிதா கதவை உடைக்கிற மாதிரி தட்டிய பிறகுதான் எழுந்தேன். வீடு முழுக்கப் புகை.

"எவ்ளோ நேரமா கூப்டுகினு இருக்கேன். இன்னாக்கா இப்டித் தூங்குறீங்க?" என்றாள்.

மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்ற களைப்பு என்றேன். சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது, நேற்று ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு. லலிதா ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் போனாள்.

இனிமேல் பாலைக் காலையில் மட்டும் காய்ச்ச வேண்டும்.

ஜூன் 11, புதன்

வேலூர் மிலிட்டரி கேன்டீனுக்குப் போய் மாதச் சாமான் வாங்கி வந்தேன். சோப்பு, டீத்தூள், எண்ணெய், பிறகு கோட்டா ரம். ராணுவத்தில் இருந்தவரின் விதவைக்கும் அது உண்டு. என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் அந்தப் பாட்டில்கள் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. வேண்டியவர்களுக்கு அங்கேயே கொடுத்துவிட்டு வருவார். எல்லையில் பனிக்குள் நின்ற நாட்களில்கூட ஒரு சொட்டுத் தொடாத மனிதர். மாரடைப்பில் போய் மூன்று வருஷம் ஆகிறது. எனக்கு முழங்கால் வலி. தூக்கமும் வருவதில்லை. வெந்நீரில் கொஞ்சம் கலந்து குடித்தால் ஒரு மருந்து மாதிரி.

பாட்டில்கள் இடித்துச் சத்தம் போடாமல் இருக்கப் பழைய துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். குடியாத்தம் பஸ்ஸில், முன் ஸீட்டின் முதுகில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர். 'குடி உங்களுக்குப் பிரச்சினையா? எங்களுக்கும் இருந்தது.' கீழே ஒரு செல் நம்பர். இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனாலும் நம்பர் மனசில் நின்றுவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

ஒரு பெரியவருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்தபோது, அவர் சாப்பிடுவதைவிட இரண்டு மடங்கு வீரியமுள்ளதை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அட்டையின் நிறம் வேறாக இருக்கிறதே என்று வாசலிலிருந்து அவரே திரும்பி வந்தார். டாக்டர் கையெழுத்துப் புரியவில்லை என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்தப் பெரியவர் தனியாக இருக்கிறவர். சர்க்கரை இறங்கி வீட்டில் விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

இன்றோடு நிறுத்துகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

கை நடுங்குகிறது. எழுதுவது எனக்கே படிக்க வரவில்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் புடவை முழுக்க வியர்வை.

ஜூன் 16, திங்கள்

காலையில் சமையலறைச் சுவர் முழுக்க எறும்பு. விளக்குமாற்றால் தட்டினேன். தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்தன. கூரையிலிருந்து இறங்கி அரிசி டிரம்முக்குள் போயின. லலிதாவைக் கூப்பிட்டேன்.

"எங்கக்கா எறும்பு?" என்று கேட்டுக்கொண்டே சுவரில் உள்ளங்கையை வைத்தாள். அவள் விரல்களுக்கு நடுவே அவை ஓடுவதை என் கண்ணால் பார்த்தேன்.

"ஒண்ணுமே இல்லியேக்கா" என்றாள்.

பதினோரு வருஷமாக மருந்துக் கடையில் நிற்கிறவளுக்கு இது என்னவென்று தெரியாமல் இல்லை. ரொம்ப நாள் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் இப்படி வரும். அடுத்து வலிப்பு வரும். உயிரும் போகலாம். இதற்கு மாத்திரை வாங்க வருகிற பெண்களிடம் நானே சொல்லியிருக்கிறேன், "கூடவே இருங்க, தனியா விட்டுடாதீங்க" என்று. என் கூட இருக்க யார் இருக்கிறார்கள்? லலிதாவை அனுப்பிவிட்டுத் துண்டைப் பிரித்தேன். ஒரு டம்ளர். கொஞ்ச நேரத்தில் எறும்புகள் போய்விட்டன.

அவை வந்ததைவிடப் போனதுதான் பயமாக இருந்தது.

ஜூன் 18, புதன்

மதியம் கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று அந்த நம்பருக்கு ஃபோன் செய்தேன். ஓர் ஆண் "வணக்கம்" என்றார். வைத்துவிட்டேன். உடனே அந்த நம்பரே திரும்பக் கூப்பிட்டது. மணிச் சத்தம் முதலாளிக்குக் கேட்டுவிடுமே என்று எடுத்தேன்.

"பயப்படாம சொல்லும்மா. யாருக்கு?"

"என் வீட்டுக்காரருக்கு."

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

"அவரு வருவாரா?"

"இல்ல. நான் மட்டும்."

"பரவாயில்ல, மொதல்ல நீங்க வாங்க. பேரு, விலாசம் எதுவும் கேக்கமாட்டோம்." சத்துவாச்சாரியில் ஒரு பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று வழி சொன்னார்.

வீட்டுக்கு வந்து அவர் படத்துக்குப் புதுப் பூச்சரம் போட்டேன். நிமிர்ந்து முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரும் கடைக்கு வருகிறவராகத் தெரிந்தார்கள். குடியாத்தத்தில் பாதி ஊர் என்னிடம்தான் மாத்திரை வாங்குகிறது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? சொந்தக்காரர் வீட்டுக்கு. யார் வீட்டுக்கு? பஸ் காட்பாடி தாண்டுவதற்குள் ஒரு சித்தியையும் அவளுக்கு ஒரு ஆபரேஷனையும் உண்டாக்கி வைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் எதிரெதிராக இரண்டு வகுப்பறைகள் திறந்திருந்தன. ஒன்றில் எல்லாம் ஆண்கள். அவர்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வராந்தாவில் நாற்காலி எடுத்துக்கொண்டு போன ஒருவர் என்னைப் பார்த்து, "ஃபேமிலியாம்மா? லேடீஸ் எல்லாம் அந்த ரூமு" என்று எதிர் அறையைக் காட்டினார்.

நான் நின்ற இடத்திலிருந்து இரண்டு வாசலும் ஒரே தூரம்தான். பெண்கள் இருந்த அறைக்குப் போனேன்.

ஏழெட்டுப் பேர், குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் எதிர் அறையில் குடியை விட வந்திருக்கிறவர்களின் மனைவிகள், அம்மாக்கள். சிலரின் ஆட்கள் இன்னும் எந்த அறைக்கும் வரவில்லையாம். மரகதம் என்ற பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள்.

"மொத நாளு பேச வேணாம்க்கா. சும்மா கேட்டுகினு இருங்க" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுக்கம் தெரிந்திருக்கும். அழுகையை அடக்குகிறேன் என்று நினைத்திருப்பாள்.

ஜூன் 29, ஞாயிறு

நடுக்கம் தெரியாமல் இருக்கக் கிளம்பும் முன் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் ஏலக்காய் மென்றேன்.

"நீங்களும் ரெண்டு வார்த்த சொல்லுங்கக்கா, மனசு லேசாவும்" என்றாள் மரகதம்.

சொன்னேன். என் வீட்டுக்காரர் தயாளன், மிலிட்டரியில் இருந்தவர் என்று ஆரம்பித்தேன். அவர் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறார், வீடே எரிந்திருக்கும் என்றேன். அரிசி டிரம்மில் பாட்டிலை ஒளித்துவைக்கிறார் என்றேன். போன வாரம் குளியலறையில் விழுந்து முழங்கையை உடைத்துக்கொள்ளப் பார்த்தார். பெண்ணின் பட்டமளிப்பு விழாவுக்குச் சென்னை போனபோது பையில் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்து, நாற்காலியிலேயே வாய் பிளந்து தூங்கிவிட்டார். அவள் பெயரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை. அவள் பட்டத்தோடு வந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். சிநேகிதிகள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். "உடம்பு சரியில்ல" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, அவள் தன் துப்பட்டாவால் வாயைத் துடைத்துவிட்டாள்.

இதைச் சொல்லும்போது தேம்பிவிட்டேன். எல்லோரும் அழுதார்கள். ஒரு வயதான அம்மா, "இப்டிப்பட்ட மனுசனோட எப்டித்தான் காலம் தள்ளுறியோ தாயே" என்றார்.

என் பெண் சிந்துஜாவின் பட்டமளிப்பு விழா போன வருஷம் நடந்தது.

ஜூலை 2, புதன்

முழங்கை வீக்கம் வடிந்துவிட்டது.

ஜூலை 6, ஞாயிறு

இன்று மரகதம் பேசினாள். அவள் கணவர் துளசிராமனும் ராணுவத்தில் இருந்தவர்தானாம். இப்போது எதிர் அறையில் இருக்கிறார், குடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு முந்தைய கதையைச் சொன்னாள். சாயங்காலம் கேட் சத்தம் கேட்டாலே ஏழு வயதுப் பையன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வானாம். ஒருநாள் அவர் வரவே இல்லை. பையன் அப்போதும் அங்கேதான் தூங்கினான்.

"இப்ப காலேஜ் போறான். வெளியில எதுனா சத்தம் கேட்டா இன்னிக்கும் அவன் கண்ணு கட்டிலுக்கு அடியிலதான் போவுது" என்றாள்.

சிந்துஜா கட்டிலுக்கு அடியில் ஒளியவில்லை. பெங்களூருக்குப் போய்விட்டாள்.

அந்த அறையில் உட்கார்ந்திருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. அவர்கள் யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அந்த ஆள் அவர்கள் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் ஞாயிறு எப்போது வரும் என்றும் இருக்கிறது. அந்த ஒரு சாயங்காலம் என் மேல் நாலு பேர் இரக்கப்படுகிறார்கள்.

வெளியே வரும்போது மரகதம், "எங்கம்மா வீடும் குடியாத்தம்தான். நீங்க எந்தத் தெருக்கா?" என்றாள். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

சிந்துஜா ஃபோன்.

"ஏம்மா நாக்கு கொழறுது?"

"பல் வலி."

"போன வாரமும் பல் வலின்னுதான் சொன்ன. சனிக்கிழம கெளம்பி வரட்டுமா?"

"வேணாம், வேணாம். உனக்கு எதுக்கு அலைச்சல்?"

"நான் வரலன்னா உனக்கு நிம்மதி. இல்லம்மா?"

வைத்துவிட்டாள். நான் திரும்பக் கூப்பிடவில்லை. குழறாமல் பேச முடியும் என்று தோன்றவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கூட்டம் முடிந்ததும் மரகதம் ஓடி வந்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரு உங்க வீட்டுக்காரரப் பாக்க வரேன்னு சொல்றாரு. மிலிட்டரிக்காரன் பேசினா மிலிட்டரிக்காரன் கேப்பானாம். இப்டிப் போயிப் பேசி எத்தினி பேர இட்டுகினு வந்திருக்காரு தெரியுமா? அவரு எந்த யூனிட்டுக்கா?"

அவர் முரட்டு ஆள், யாராவது வந்தால் அடிக்க வருவார் என்றேன். என் தயாளன் ஒருநாளும் ஓர் ஆளை அடித்ததில்லை. லீவில் வந்தால் என் தலைவலிக்குத் தைலம் தேய்த்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

"எங்காளு வாங்காத அடியா?" என்று சிரித்தாள்.

இனி அங்கே போகப்போவதில்லை.

ஜூலை 17, வியாழன்

தெருவில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டால் சமையலறைக்குப் போய்க் கதவை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று போகவில்லை. மத்தியானத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டேன்.

இருட்டிய பிறகு வாசலில் மரகதத்தின் குரல். "அக்கா! அக்கா!" என்று பதறிப்போய்க் கூப்பிட்டாள். கதவு சாத்தியிருந்தது, ஆனால் தாழ் போடவில்லை. நான் எழுந்திருப்பதற்குள் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டாள். பின்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, நரைத்த மீசை வைத்த ஒரு மனிதர்.

"நீங்க வரலன்னதும் அவரு உங்கள இன்னாவோ பண்ணிட்டாருன்னு பயந்துட்டேன்க்கா. ஃபோனும் எடுக்கல. எங்க அவரு?"

துளசிராமன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். யூனிஃபார்மில் தயாளன், பூச்சரம், சின்ன மஞ்சள் பல்பு. படத்துக்குக் கீழே பிறந்த தேதி, இறந்த தேதி. அவர் அதை வாய்க்குள் படிப்பது தெரிந்தது.

மரகதத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஸ்டூல் மேல் இருந்த டம்ளரைப் பார்த்தாள். கிட்டே வந்து அதை எடுத்து மோந்து பார்த்தாள். வீட்டில் பலமுறை அப்படிச் செய்து பழகியவள்.

"மூணு வருசமாச்சா அவரு செத்து?"

நான் தலையாட்டினேன்.

"அப்ப அழுதது? பொண்ணுக்கு நேந்ததுன்னு சொன்னது?" அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. "எம்புள்ள கட்டிலுக்கு அடியில படுத்தத நான் எங்கம்மாகிட்ட கூட சொன்னதில்ல. ஒங்கிட்ட சொன்னேன். குடிக்கிறவகிட்ட சொன்னேன்! ஒக்காந்து கேட்டுகினு இருந்தியே!"

"மரகதம், சத்தம் போடாத. தெருவுல கேக்கப்போவுது" என்றார் துளசிராமன்.

"கேக்கட்டும். செத்துப்போன மனுசன் வாயத் தொறந்து இல்லன்னு சொல்லமாட்டாருல்ல? அதான் அவரு மேல போட்டுட்டா."

அவள் டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு வெளியே போனாள். துளசிராமன் வாசலில் நின்று செருப்பை மாட்டினார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நானும் மொத தடவ ஃபோன் பண்ணப்ப எங்க அண்ணனுக்குன்னுதாம்மா சொன்னேன். எனக்கு அண்ணனே கெடையாது" என்றார். பிறகு, "எங்க ரூமு ஆம்பளைங்களுக்குன்னு எங்கயும் எழுதிப்போடல. எங்காளு எவனாவது தெரியாம கை காட்டியிருப்பான். வாங்க" என்றார்.

லலிதா அவள் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

ஜூலை 21, திங்கள்

கடைக்கு லீவு. அரிசி டிரம்மில் இருந்ததில் ஒரு பாட்டிலும் தீர்ந்தது, இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

ஜூலை 25, வெள்ளி

அந்த ஏழெட்டுப் பேர் மனசில் ஓர் ஆள் இருக்கிறான். வாய் பிளந்து தூங்குகிறவன், பாட்டில் ஒளிக்கிறவன், அடிக்க வருகிறவன். அந்த ஆளுக்கு என் தயாளனின் பெயர். மரகதம் போய்ச் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருக்கலாம். நான் இப்படியே செத்துப்போனால் அவர்களுக்கு அவர் அப்படித்தான் இருப்பார்.

அங்கே திரும்பப் போவதை நினைத்தாலே உடம்பு சில்லிடுகிறது. போகாமல் இருந்தால் இந்த வீட்டில் ஒருநாள் லலிதா தட்டுவது காதில் விழாமல் போகும். இரண்டு பயத்தில் எது பெரியது என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

போனேன்.

தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். அது இல்லாமல் பஸ் ஏறக் கால் வரவில்லை. மாஸ்க்கை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

முதலில் பெண்கள் அறைக்குப் போனேன். உட்காரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மரகதம் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரர் தயாளன். அவர் குடிச்சதே இல்ல" என்றேன். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அவர் இறந்து மூணு வருஷம் ஆச்சு. அவர் செஞ்சார்னு நான் சொன்னது எல்லாம் நான் செஞ்சது. பால் வச்சது, விழுந்தது, பொண்ணு பட்டம் வாங்கும்போது தூங்கினது, எல்லாம் நான்தான். அவர் யாரையும் அடிச்சதில்ல. அவர தப்பா நெனச்சுக்காதீங்க."

அன்று என்னைத் தாயே என்ற அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துபோயிற்று. திரும்பி வராந்தாவுக்கு வந்தேன். வந்த வழியே ஓடிவிடத்தான் நினைத்தேன்.

மரகதம் பின்னாலேயே வந்தாள்.

"பையக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க. எத்தினி வருசம் ஒருத்தர் பையத் தொழாவியிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

பையைக் கொடுத்தேன். அவள் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. முழங்கையைப் பிடித்து எதிர் வாசல் பக்கம் திருப்பிவிட்டாள். "போங்க, ஆரம்பிச்சுடுவாங்க" என்றாள். கொஞ்சம் தள்ளிய மாதிரிகூட இருந்தது.

உள்ளே இருபது ஆண்கள் இருப்பார்கள். பேச்சு நின்றது. துளசிராமன் எழுந்திருக்கவில்லை, நாற்காலியை மட்டும் காட்டினார். இதில் யாராவது குடியாத்தத்துக்காரராக இருந்தால்? நாளைக்கே முதலாளிக்குத் தெரிந்தால்? சிந்துஜாவுக்கு நான் சொல்லும் முன் வேறு யாராவது சொன்னால்?

"என் பேரு புஷ்பலதா" என்றேன். "எனக்குத்தான்."

அதற்கு மேல் வரவில்லை. அதுவே போதும் என்றார் ஒருவர். தனியாக நிறுத்திப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். எறும்புகளைப் பற்றிச் சொன்னேன். எனக்குப் பாம்பு வந்தது என்றார் ஒருவர். எனக்கு என் அப்பா வந்து நின்றார் என்றார் இன்னொருவர். நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், மருந்தோடுதான் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து என்றார்கள். துளசிராமனும் மரகதமும் கூட வருவார்களாம். "அவ வருவாளா?" என்று கேட்டேன். "திட்டிகினே வருவா" என்றார் துளசிராமன்.

டீ வந்தது. கொடுக்கப் போகிறார்களே என்று கைகளைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டேன். இத்தனை பேர் பார்க்க அதைச் சிந்தாமல் பிடிக்க என்னால் முடியாது. பக்கத்தில் பெயின்ட் கறை படிந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தவர் எனக்கான டம்ளரை வாங்கினார். அதிலிருந்து பாதியைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டு மீதியை என் பக்கம் நகர்த்தினார்.

"பாதிதான் இருக்கு. சிந்தாது" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன்.